நடுப்பத்து டாக்டர்

இந்த ஊரில் எனக்குப் பெயர் கிடையாது. என் அறைக்கதவில் ‘மகப்பேறு மருத்துவர்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. பெயரைப் போடுவதென்றால் மூன்று பெயர் போடவேண்டும், பலகையில் இடம் போதாது என்று நிர்வாகி சொல்லிவிட்டார். மாதத்தின் முதல் பத்து நாள் ஒருவர் வருவார், நடுப்பத்து நாள் நான், கடைசிப் பத்து நாள் இன்னொருவர். வேலை ஒன்று, நாற்காலி ஒன்று, உட்காருகிறவர்கள் மூன்று பேர். ஒவ்வொரு முறை வந்ததும் நான் செய்கிற முதல் வேலை நாற்காலியைக் கீழே இறக்குவது. எனக்கு முன்னால் உட்காருகிறவர் நல்ல உயரம் போலிருக்கிறது.

‘போலிருக்கிறது’ என்றுதான் சொல்ல முடியும். அவரை நான் பார்த்ததில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அவர் புதுச்சேரிப் பக்கம் பஸ் ஏறியிருப்பார். நான் கிளம்பிய பிறகுதான் மூன்றாமவர் வருவார். மூவருக்கும் ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதில் நோயாளிகளைப் பற்றி எழுதிக்கொள்வோம், அவசரமென்றால் போனில் பேசுவோம். முதலாமவரின் குரல் கொஞ்சம் கரகரப்பு, மூன்றாமவர் வேகமாகப் பேசுவார். சேர்ந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் இரண்டு பேரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மரக்காணம் பக்கம், உப்பளங்களைத் தாண்டி கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் சின்ன மருத்துவமனை அது. எங்களுக்கு முன்னால் அந்த நாற்காலி வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்ததாம். யாராவது சேருவார்கள், பிள்ளைகளின் படிப்பு, கணவரின் வேலை என்று நாலு மாதத்தில் போய்விடுவார்கள். முழுசாக ஒரு ஆள் கிடைக்காத இடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு ஆட்களாக மூன்று பேரைப் பிடிக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, நீண்டகால ஒப்பந்தம் போட்டு எங்களைப் பிடித்தார்கள். மாதத்தில் பத்து நாள் மட்டும் இங்கே, மீதி நாட்கள் எங்கள் பாட்டில். நான் சேவை செய்ய வந்தவள் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். சென்னையில் மாதம் முழுக்க ஒரே தலைமை மருத்துவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வந்தவள் நான்.

வந்த புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரில் வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் கதையைப் பாதியிலிருந்து தொடங்குவார்கள்.

“அதாங்க டாக்டர், அன்னைக்கு சொன்னேனே, அது இப்ப கொஞ்சம் கீழ எறங்கியிருக்குது.”

“எது இறங்கியிருக்கு? எனக்கு எதுவும் சொல்லலையேம்மா.”

“சொன்னேனே! இதே நாற்காலியிலதான குந்தியிருந்தீங்க.”

“அது நான் இல்லம்மா, வேற டாக்டர்.”

“தெரியுதுங்க. ஆனா நீங்க மூணு பேரும் ஒரே வூட்லதான இருக்கீங்க? பேசிக்க மாட்டீங்களா?”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே கட்டில்தான். போர்வையை ஒருவர் நாலாக மடிப்பார், இன்னொருவர் சுருட்டி வைப்பார். சமையலறையில் யாரோ வாங்கிய துவரம்பருப்பை நான் தீர்ப்பேன், நான் வாங்கிய புளியை வேறு யாரோ தீர்ப்பார்கள். ஒரு தடவை மூன்றாமவரின் பட்டுப்புடவை ஒன்று அலமாரியில் கிடந்தது. மாதத்தில் கடைசிப் பத்து நாள் இந்த உப்புக்காற்றில் அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்கே போயிருப்பார் என்று நாள் முழுக்க யோசித்தேன்.

எங்களுக்குப் பெயர் வைக்கிற வேலையை ஊர்ப் பெண்களே செய்துமுடித்தார்கள். மொதப்பத்து டாக்டர், நடுப்பத்து டாக்டர், கடசிப்பத்து டாக்டர். “இப்ப யாரு மொற?” என்று வாசலில் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். யார் கைராசிக்காரி, யார் சுள்ளென்று விழுவாள், யார் ஊசி போட்டால் வலிக்காது என்றெல்லாம் அவர்களுக்குள் ஒரு முடிவு இருந்தது. சுள்ளென்று விழுகிறவள் நான்தான் என்று சிஸ்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இருந்தும் என் பத்து நாட்களில் கூட்டம் குறையவில்லை. இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போன கோடையில்தான் அது நடந்தது. பிரம்மதேசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மாமியாரும் மருமகளுமாக வருவார்கள். விவசாயக் குடும்பம், மகன் உப்பு லாரி ஓட்டுகிறான். மருமகளுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தையை வேறு ஊரில் வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தார்கள், அது பிறந்து நெடுநாள் ஆகவில்லை. மருமகள் வாயே திறக்கமாட்டாள். நான் எதைக் கேட்டாலும் மாமியார்தான் பதில் சொல்வார். “பசிக்குதா?” என்று கேட்டால்கூட, “பசிக்குதுங்க, ஆனா மீன் வாசன ஆகல” என்பார். மருமகள் அப்போது மாமியாரைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு பிரியம்.

பழைய தையல் இருக்கும் கர்ப்பப்பையில் வலி வரவிடாமல் முன்னாலேயே ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. என் முறை தொடங்கிய மறுநாளே வைத்துக்கொள்ளலாம் என்று தேதி குறித்தேன். குழுவிலும் போட்டேன். மற்ற இருவரும் சரி என்றார்கள். அதோடு விட்டேனா, இல்லை. மாமியாரை எதிரில் உட்காரவைத்துக் கறாராகச் சொன்னேன்.

“அதுக்கு முன்னாடி வலி வந்தாலோ, தண்ணி போனாலோ, நேரா உள்ள வரணும். யார் இருந்தாலும் வரணும். என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க.”

“வலி வந்தா நேரா வந்துடணுங்க. யார் இருந்தாலும் வரணுங்க.”

ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். இதற்குமேல் ஒரு டாக்டர் என்ன செய்யமுடியும் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் முறை தொடங்கும் அன்று சென்னையிலிருந்து வரும்போது பஸ் தாமதமானது. உப்பு வாரும் காலம், சாலையோரம் முழுக்க லாரிகள். வெயிலில் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று கண் கூசியது. எரிச்சலோடு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். மருத்துவமனை வாசலுக்கு எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் அவர் தோளில் சாய்ந்து, புடவை முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் மாமியாரின் முகம் மலர்ந்தது. “வந்துட்டாங்க பாரு, வந்துட்டாங்க பாரு” என்று மருமகளின் கன்னத்தைத் தட்டினார்.

“நாளைக்குத்தானே ஆபரேஷன்? என்ன இது?”

“நேத்து சாயங்காலத்துல இருந்து வலிங்க. விட்டு விட்டு வந்துக்கினு இருந்தது, இப்ப விடாம வருது. விடிஞ்சதும் ஆட்டோ புடிச்சி வந்துட்டோம்.”

“விடிஞ்சதுமா? வந்து இங்கயா உட்கார்ந்திருக்கீங்க? உள்ள ஏன் போகல?”

“உங்க மொற இன்னும் வரலீங்களே.”

அவர் குரலில் ஒரு தப்பும் செய்யாதவரின் நிம்மதி இருந்தது. நான் கத்தினேனா, என்ன சொன்னேன் என்று நினைவில்லை. டீக்கடைக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்ததும், அவரும் நானுமாக அவளைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனதும் நினைவிருக்கிறது.

மேசையில் படுக்கவைத்து அடிவயிற்றில், பழைய தழும்பின்மேல் விரல் வைத்தேன். அதுவரை பேசாதிருந்த பெண் அலறினாள். தையல் விடப்போகிறதென்பதற்கு அது அடையாளம். விட்டால் குழந்தை போகும், சில நிமிஷங்களில் தாயும் போவாள். சிஸ்டர் ஏற்கெனவே மயக்க மருந்து டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் எங்களைப் போலத்தான், நாலைந்து மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஒரு ஆள். திண்டிவனத்திலிருந்து கிளம்பி வேறொரு கேஸுக்காக எங்கள் பக்கமே வந்துகொண்டிருந்தார். வண்டியை நேராக எங்கள் வாசலுக்குத் திருப்பினார். அவர் மட்டும் அன்று திண்டிவனத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க நான் இன்னும் துணியவில்லை.

வயிற்றைத் திறந்தபோது கர்ப்பப்பையின் அடிப்பகுதி வெங்காயச் சருகு போல இருந்தது. உள்ளே குழந்தையின் தலைமுடி தெரிந்தது. இன்னும் இரண்டு வலி வந்திருந்தால் கிழிந்திருக்கும். குழந்தையை எடுத்தேன். பெண். உள்ளேயே மலம் கழித்திருந்தது, துவண்டு கிடந்தது, அழவில்லை. சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு போனார். நான் திரும்பிப் பார்க்காமல் தைத்தேன். காது மட்டும் அந்தப் பக்கமே இருந்தது. கடைசியில் அழுகை என்று சொல்லமுடியாத ஒரு முனகல் கேட்டது. அதற்கே என் கண்ணில் நீர் வந்து மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது, துடைத்துவிட ஆள் இல்லை.

குழந்தையை ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினோம். லாரி ஓட்டும் மகன் எங்கிருந்தோ வந்து அதில் ஏறிக்கொண்டான். பிழைக்குமா, பிழைத்தாலும் மூளைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்குமா என்று அவன் கேட்டான். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

பிற்பகல் மாமியாரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினேன். ஆத்திரம் தீரத் திட்டினேன். அவர் அழுதார், ஆனால் எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்பது அவருக்குப் புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“யார் இருந்தாலும் வரணும்னு சொன்னேனா இல்லயா?”

“சொன்னீங்க.”

“நீங்களே திருப்பிச் சொன்னீங்களா இல்லயா?”

“சொன்னேங்க.”

“அப்புறம்?”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார். “எங்களுக்குப் பங்குக் கெணறுங்க டாக்டரம்மா. நாலு வூட்டுக்கும் ஒரே கெணறு, ஒரே மோட்டாரு. இன்னைக்கு உன் மொற, நாளைக்கு என் மொற. பயிரு காயுதுன்னு அடுத்தவங்க மொறயில போயி நான் மோட்டாரு போட முடியுங்களா? ஊரு இன்னா பேசும்? நீங்க தேதி குறிச்சி, உங்க கையில ஒப்படைச்சிட்டோம். அதுக்கு முன்னாடி இன்னொருத்தங்க மொறயில போயி படுத்துக்கினா, உங்களுக்கு இன்னா மரியாத? அவங்களும்தான் இன்னா நெனைப்பாங்க? ‘இவங்க நடுப்பத்து ஆளாச்சே, என்கிட்ட ஏன் வராங்க’ன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“நான் ‘வாங்க’ன்னுதான சொன்னேன்?”

“நீங்க பெரிய மனசு பண்ணி சொல்வீங்க. நாங்கதான பாத்து நடந்துக்கணும்?”

நான் சொன்ன உத்தரவு அவர் காதில் உபசார வார்த்தையாக விழுந்திருக்கிறது. எங்காவது கிளம்பும்போது ‘சாப்பிட்டுப் போங்களேன்’ என்று சொல்வோமே, அதைக் கேட்டு யாரும் இலைபோட்டு உட்கார்ந்துவிட மாட்டார்கள் இல்லையா, அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார். மருமகளின் உயிரையும் பேத்தியின் உயிரையும் பெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்கு மரியாதை செய்திருக்கிறார்.

அதோடும் முடியவில்லை. “காலையில மொதப்பத்து டாக்டரம்மா கெளம்பிப் போனாங்க. நாங்க எழுந்து நின்னோம். ‘யாரப் பாக்கணும்’னு நின்னு கேட்டாங்க பாவம். ‘நடுப்பத்து டாக்டரம்மாவ’ன்னு சொன்னேன். ‘வந்துடுவாங்க’ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நல்லவங்க” என்றார்.

மாலையில் முதலாமவருக்கு போன் செய்தேன். சண்டை போடலாம் என்றுதான் செய்தேன். சிஸ்டர் அவரிடம் முன்பே எல்லாம் சொல்லியிருந்தார்.

“நான் பார்த்தேங்க. ரெண்டு பேரும் எழுந்து நின்னாங்க. அந்தப் பொண்ணு சிரிச்சா. வலியோட இருக்கிறவ சிரிப்பான்னு நான் எப்படிங்க நெனைப்பேன்?” என்று அந்தக் கரகரத்த குரல் கேட்டது. அதன் பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது. சண்டை போட வந்தவள் சமாதானம் சொல்லும்படி ஆகிவிட்டது. முறை மாறுகிற அன்று அரைநாளாவது இரண்டு பேரும் சேர்ந்து இருந்து, வார்டில் நோயாளிகளைச் சேர்ந்து பார்க்கலாம் என்று பேசினோம். நிர்வாகி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இதை எழுதும்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பத்து நாளும் எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஒப்பந்தம் முடியும் சமயம், தொடர்வீர்களா என்று கேட்டிருந்தார்கள். ஒரே டாக்டர் நிரந்தரமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது, அது நிச்சயம். ஆனால் ஒரே டாக்டர் இங்கே நிலைத்ததே இல்லை, அதுவும் நிச்சயம். நாங்கள் மூவரும் வராமல் நாற்காலி காலியாகவே இருந்திருந்தால்? மாமியார் முதல் வலியிலேயே மருமகளை ஆட்டோவில் ஏற்றி நேராகப் புதுச்சேரிக்குக் கொண்டுபோயிருப்பார். யாருக்கும் மரியாதை செய்ய வேண்டியிருந்திருக்காது. இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை முட்டிக்கொண்டு நின்றுவிடும். மறுபக்கம், அதே வாரம் உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண் ரத்தப்போக்கோடு வந்தாள். புதுச்சேரி வரை தாங்கியிருக்கமாட்டாள். என் கையில் பிழைத்தாள். இரண்டையும் எந்தத் தராசில் போட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் கணவருக்கு போன் செய்து காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

புதுச்சேரியிலிருந்து ஒருநாள் நல்ல சேதி, மறுநாள் கெட்ட சேதி என்று மாறி மாறி வந்தது. குழந்தைக்கு வலிப்பு வந்தது என்றார்கள், பிறகு நின்றுவிட்டது என்றார்கள். என் முறை முடிகிற சமயத்தில் குழந்தையைத் தாயிடம் கொண்டுவந்தார்கள். பால் குடித்தது. சப்புக்கொட்டுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் கட்டிலருகே வெகுநேரம் நின்றேன். மாமியார் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “உங்க மொறயிலயே வந்து சேர்ந்துடுச்சி பாருங்க” என்றார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். பிறகு பாவமாக இருந்தது, நானே போய் அவர் தோளைத் தொட்டேன்.

என் முறையின் கடைசி நாள், ஓ.பி. கூடத்தில் இருந்த கர்ப்பிணிகளையெல்லாம் சுற்றி உட்காரவைத்துப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். இது கிணறு இல்லை, இங்கே முறை கிடையாது, வலி வந்தால் நாற்காலியில் யார் இருந்தாலும் ஓடி வரவேண்டும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை இப்போது என்னால் நம்பமுடியவில்லை.

அறைக்குத் திரும்பியதும் ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். மளிகைக்கடைக்காரர் வீட்டு மருமகள், கணவன் சவூதியில் இருக்கிறான். தலைச்சன் பிரசவம். புர்காவின் முகத்திரையை மேலே தூக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“எனக்கு அடுத்த மாசம் பதினஞ்சாந் தேதின்னு சொல்லியிருக்கீங்க. அப்ப இன்ஷா அல்லா நீங்கதான இருப்பீங்க?”

இருப்பேன். ஆனால் ‘இருப்பேன்’ என்று சொன்னால், எட்டாம் தேதி வலி வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு எந்தப் பெஞ்சிலாவது உட்கார்ந்திருப்பாளோ என்று பயமாக இருந்தது. அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சொல்ல முடியாதும்மா. வலி முன்னாடியே வந்தாலும் வரலாம். நான் வராமலும் போகலாம்.”

அவள் முகம் வாடிவிட்டது. “அப்ப மொதப்பத்து டாக்டர்தான் பாப்பாங்களா? அவங்க எப்படிங்க, நல்லாப் பாப்பாங்களா?”

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் கத்தி பிடிக்கும் கையையும் பார்த்ததில்லை. போனில் அழுததைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

“என்னவிட நல்லாப் பாப்பாங்க” என்றேன்.

கேலி இல்லை, குத்தல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அப்ப நீங்க எதுக்கு டாக்டர் வர்றீங்க?”

அவளை மேசையில் படுக்கச் சொல்லி, வயிற்றில் கை வைத்து, குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினேன்.